யார் பிழைப்பது, யார் சாவது? தீர்ப்புச் சொல்வது லாபக் கணக்கா?

"எல்லாருக்கும் எல்லா வைத்தியமும் கொடுக்க முடியுமா? சர்க்காருக்குக் கட்டுபடியாகுமா?"

பெரிய மனிதர்கள் கேட்கும் கேள்வி இது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்வி போலத்தான் தோன்றுகிறது. நம்முடைய தொழிலாளியே சில வேளை இதை நம்பிவிடுகிறான். "காசு இருக்கிறவன் பிழைக்கிறான், நம்ம தலையெழுத்து இது" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறான்.

தலையெழுத்து அல்ல தோழர்களே! மனிதன் எழுதிய எழுத்து இது. எந்தக் கை எழுதியது, எந்த ஆண்டில் எழுதியது என்று ஊரும் தேதியும் சொல்லிக் காட்ட முடியும். சிறுநீரகம், இருதயம் என்ற இரண்டு உறுப்புகளின் கதையை எடுத்துக் கொள்வோம். கட்டுபடியாகாது என்கிற வாதம் எங்கே பிறந்தது, யாருக்குச் சேவகம் செய்கிறது என்பது விளங்கிவிடும்.

ஒரு தோழரின் கேள்வி

நம் சங்கத்தில் இருபது ஆண்டு சந்தா கட்டிய ஒரு நூற்பாலைத் தோழர். ரிங் பிரேமில் வேலை. எட்டு மணி நேரமும் நின்றே வேலை செய்து கால் கடுக்கும். ஷிப்டு முடிந்ததும் மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்வார். இப்படிப் பல வருஷம். அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது அவருக்கே தெரியாது. யாரும் பார்த்துச் சொன்னதில்லை. ஒரு நாள் முகம் வீங்கி, கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்றார்கள்.

அன்று முதல் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடக்க வேண்டியதாயிற்று. சர்க்கார் ஆஸ்பத்திரி; வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் போக வரப் பஸ் கட்டணம்? கூடத் துணைக்கு வரும் மனைவியின் கூலி? வாரத்தில் மூன்று நாள் வராதவனுக்கு எந்த ஆலை வேலை வைத்திருக்கும்? வேலை போயிற்று. ஆடு போயிற்று. தாலிக்கொடியும் அடகுக்குப் போயிற்று.

அந்தத் தோழர் நம்மைக் கேட்டார்: "இதை முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க முடியாதா தோழர்?"

முடியும். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம். சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் புரதம் போகிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம். ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதற்கு ஒரு நிமிஷம். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதல் இரண்டு எதிரிகள். இருபது ஆண்டில் ஆலை வாசலில் பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் அந்தத் தோழர் இன்றும் ரிங் பிரேமில் நின்றிருப்பார். அந்தப் பத்து நிமிஷத்தை அவருக்குக் கொடுக்காதது விதி அல்ல, முதலாளியும் சர்க்காரும்தான்.

மரச் சட்டத்தில் பிறந்த சிறுநீரகம்

நம் கிராமத்துப் பெரியவர்கள் குண்டிக்காய் என்பார்கள். முதுகுப் பக்கம், விலாவுக்குக் கீழே, ஆளுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் கை முஷ்டி அளவு. ரத்தத்தில் சேரும் கழிவையும் மிஞ்சிய நீரையும் இரவு பகலாகப் பிரித்து வெளியே தள்ளுவது இதன் வேலை. இது நின்றால் விஷம் ரத்தத்திலேயே தங்கும். சில நாளிலோ சில வாரத்திலோ மனிதன் சாவான். மனித குலம் தோன்றிய நாள் முதல் இப்படித்தான் இருந்தது.

இதை மாற்றியவர் ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ஃப். 22 வயது வாலிபன் ஒருவன் சிறுநீரகம் கெட்டுச் சாவதைக் கண்ணெதிரே பார்த்துக் கைகட்டி நின்றவர். அந்த வேதனையிலிருந்து பிறந்தது ஆராய்ச்சி. ஹாலந்து நாஜிப் படையின் காலடியில் கிடந்த காலம் அது. 1943-ல் கம்பன் என்ற சிறு நகரில் செயற்கைச் சிறுநீரகத்தை அவர் உண்டாக்கினார். சாமான் எங்கே கிடைத்தது? இறைச்சிப் பண்டத்துக்கு மேலுறையாகப் போடும் செலோபேன் குழாயை மரச் சட்டங்களாலான உருளையில் சுற்றினார். அந்த ஊர் எனாமல் தொழிற்சாலையின் உதவியோடு தொட்டி செய்தார். குழாய்க்குள் நோயாளியின் ரத்தம் ஓடும். தொட்டியில் உப்பு நீர் இருக்கும். உருளை சுற்றச் சுற்ற ரத்தத்தின் விஷம் மெல்லிய உறையைக் கடந்து தண்ணீரில் கலந்துவிடும். தத்துவம் இவ்வளவுதான்.

முதல் நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. கோல்ஃப் விடவில்லை. 1945-ல் 67 வயது மூதாட்டி ஒருவர் கண் விழித்தார். போர் முடிந்ததும் கோல்ஃப் தாம் செய்த இயந்திரங்களை வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகவே அனுப்பினார்.

அந்த இயந்திரத்தில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாயை அறுத்துத்தான் இணைக்க வேண்டும். சில முறைக்குப் பிறகு அறுக்க இடமே இருக்காது. அந்தக் குறையை 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் தீர்த்தார். டெஃப்லான் குழாயைக் கையில் நிரந்தரமாகப் பொருத்திவிட்டார். முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ், விமானத் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டிய தொழிலாளி. சாவின் வாசலில் நின்ற அந்த மனிதர் மேலும் பதினோரு ஆண்டு வாழ்ந்தார்.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. இனிமேல் சிறுநீரகம் கெட்டவன் சாக வேண்டியதில்லை. பிறகு எதற்காகச் செத்தார்கள்?

எழுவர் மன்றம்

1962 ஜனவரியில் சியாட்டிலில் டயாலிசிஸ் நிலையம் திறந்தார்கள். படுக்கைகள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. வாசலில் நின்றவர்களோ அதைவிடப் பல மடங்கு. ஒருவருக்கு ஆண்டுச் செலவு பத்தாயிரம் டாலருக்கும் மேல். யாரை உள்ளே விடுவது? இதற்கென்று ஒரு கமிட்டி போட்டார்கள். வக்கீல், பாதிரியார், பாங்கி அதிகாரி, சர்க்கார் அதிகாரி, அறுவை டாக்டர், குடும்பப் பெண், தொழிற்சங்கத் தலைவர் என்று ஏழு பேர். அவர்கள் பெயர் வெளியே தெரியாது.

அந்த எழுவர் எதைப் பார்த்தார்கள்? வயது, கல்யாணம், பிள்ளை குட்டி, வருமானம், சொத்து மதிப்பு, படிப்பு, தொழில், கோவிலுக்குப் போகிற பழக்கம்! சொத்துள்ளவன், படித்தவன், ஊரில் நல்ல பெயர் வாங்கியவன் வாழலாம். இல்லாதவன் வீட்டுக்குப் போய்ச் சாகலாம். 1962 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகை இதை அம்பலப்படுத்தியதும் உலகம் திடுக்கிட்டது. கடவுள் கமிட்டி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அந்த ஏழு பேர் ராட்சசர்கள் அல்ல. இரவெல்லாம் தூக்கமில்லாமல் தவித்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். நம் குற்றச்சாட்டு அவர்கள் மீது அல்ல. உலகத்திலேயே பணக்கார நாடு அது. அணுகுண்டு அடுக்கி வைக்கப் பணம் உண்டு. சந்திரனுக்கு ராக்கெட் விடப் பணம் உண்டு. மரக்கட்டையிலும் செலோபேனிலும் பிறந்த ஓர் இயந்திரத்தை இன்னும் சில நூறு செய்யப் பணமில்லையாம்! பஞ்சத்தை உண்டாக்கியது யார்? பஞ்சத்தை உண்டாக்கியவனை விட்டுவிட்டுப் பஞ்சத்தில் பங்கிட்டவர்களைப் பற்றி மட்டும் பேசுவது பித்தலாட்டம்.

போராடிப் பெற்றதும் லாபம் புகுந்ததும்

நோயாளிகள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்தார்கள். 1971 நவம்பர் 4-ந் தேதி, நோயாளர் சங்கத்தின் துணைத் தலைவர் ஷெப் கிளேசர் அமெரிக்கச் சட்டசபைக் கமிட்டியின் முன்னே, இயந்திரத்தைத் தம் உடம்பில் இணைத்துக் கொண்டே சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டே, 1972 அக்டோபர் 30-ந் தேதி, ஜனாதிபதி நிக்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறுநீரகம் கெட்டவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும், வயது பாராமல், சர்க்கார் செலவில் டயாலிசிஸ். எழுவர் மன்றத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. நேற்று வரை கட்டுபடியாகாது என்றது, இன்று கட்டுபடியாயிற்று! இதை நன்றாக மனசில் பதித்துக் கொள்ள வேண்டும். கணக்கு மாறவில்லை, பலம் மாறியது.

ஆனால் முதலாளித்துவம் தோற்ற இடத்திலேயே கடை விரிக்கும். சர்க்கார் பணம் நிச்சயமாக வரும் என்று தெரிந்ததும் கம்பெனிகள் பாய்ந்து வந்தன. இன்று அமெரிக்க டயாலிசிஸ் நிலையங்களில் பெரும் பகுதி இரண்டே கம்பெனிகளின் கையில். இதன் விளைவு என்ன? நாம் சொல்லவில்லை, அவர்களுடைய வைத்திய ஆராய்ச்சியே சொல்கிறது. 1999-ல் வந்த ஓர் ஆய்வு: லாபத்துக்கு நடத்தும் நிலையங்களில் சாவு விகிதம் 20 சதம் அதிகம்; மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் சேர்ப்பது 26 சதம் குறைவு. ஏன் குறைவு? மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தவன் இயந்திரத்துக்குத் திரும்பி வரமாட்டான். வாடிக்கைக்காரன் போய்விடுவான்! 2002-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட டாக்டர்கள், லாப நிலையங்களில் சாவு அபாயம் 8 சதம் கூடுதல் என்றார்கள். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,500 பேர் இப்படி அகாலமாகச் சாகிறார்கள் என்று மதிப்பிட்டார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு ரத்தம் ஊறுவதற்கு எரித்ரோபாய்டின் என்று ஓர் ஊசி உண்டு. நல்ல மருந்துதான். ஆனால் ஊசிக்கு ஊசி தனிக் காசு என்று இருந்த காலத்தில் அளவு ஏறிக்கொண்டே போயிற்று. அளவு மீறினால் இருதயத்துக்கும் உயிருக்கும் ஆபத்து என்று 2006-ல் ஆராய்ச்சி சொன்னது. 2007-ல் சர்க்கார் கடும் எச்சரிக்கை போட்டது. 2011-ல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை என்று சட்டம் மாறியதும் ஊசியின் அளவு சரசரவென்று இறங்கியது. எச்சரிக்கையும் கணக்கும் சேர்ந்து மாறிய பிறகுதான் அளவு இறங்கிற்று என்றால், நோயாளியின் ரத்தத்தையும் கல்லாப் பெட்டியே அளந்து கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்?

2018-ல் கலிபோர்னியாவில் சுகாதாரத் தொழிலாளர் சங்கம் இந்தக் கம்பெனிகளின் லாபத்துக்கு வரம்பு கட்ட ஜனங்களின் வாக்கெடுப்புக்குப் போயிற்று. அதைத் தோற்கடிக்கக் கம்பெனிகள் 11 கோடி டாலருக்கு மேல் கொட்டின. தோற்கடித்தும் விட்டன. நோயாளிக்குச் செலவிடக் கட்டாத பணம், தொழிலாளர் சங்கத்தைத் தோற்கடிக்கக் கட்டியது!

யாருடைய இருதயம்?

சிறுநீரகத்தில் நடந்த இந்தக் கூத்து இருதயத்திலும் நடக்கிறது. விளையாட்டு மைதானத்தில் வாலிபர்கள் திடீரென்று விழுந்து சாவதைக் கேள்விப்பட்டிருப்போம். பிறவியிலேயே இருதயத் தசை தடித்திருப்பது, இருதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருப்பது போன்ற காரணங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. நெஞ்சிலும் கை காலிலும் பத்து ஒட்டுகளை வைத்து இ.சி.ஜி. எடுத்தால் இவற்றில் பலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். சில நிமிஷ வேலை.

இத்தாலி 1982-ல் சட்டம் போட்டது. போட்டி விளையாட்டில் இறங்குகிற ஒவ்வொருவரும், சிறு ஊர்க் கழகத்துப் பையன் உட்பட, டாக்டர் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் முடித்த பிறகே மைதானத்தில் கால் வைக்கலாம். வெனட்டோ மாகாணத்தில் 12 முதல் 35 வயது வரையுள்ள விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட முடிவு இது: 1979-80-ல் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 ஆக இருந்த திடீர்ச் சாவு, 2003-04-ல் 0.4 ஆக இறங்கியது. 89 சதம் குறைவு. பரிசோதனை இல்லாத மற்ற வாலிபர்களிடம் இந்த இறக்கம் இல்லை.

அமெரிக்க இருதயச் சங்கம் என்ன சொன்னது? பள்ளி கல்லூரி விளையாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இ.சி.ஜி. என்றால் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் ஆகும். கட்டாயம் வேண்டாம் என்று 2007-ல் சொன்னது. நோய் இல்லாதவனுக்கு நோய் என்று காட்டிவிடும் தொல்லையையும் எடுத்துக் காட்டியது. அந்தத் தொல்லை உண்மைதான். 1997-ல் இஸ்ரேல் இதே போன்ற சட்டம் போட்டது. சாவு குறையவில்லை என்று 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. அதுவும் உண்மைதான். டாக்டர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். வைத்திய விவாதத்தில் நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

நாம் கேட்பது வேறு. அதே அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தம் போட்டு ஆடுகிற தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்களுக்கு 2006 முதல் ஆண்டுதோறும் இ.சி.ஜி., எக்கோ இரண்டும் கட்டாயம்! கோடி டாலர் ஆட்டக்காரனுடைய இருதயம் என்று வந்தால் செலவும் கட்டுகிறது, தொல்லையும் தாங்குகிறது. ஏழை நீக்ரோப் பையன் பள்ளி மைதானத்தில் ஆடும்போது மட்டும் கட்டவில்லை. அந்த வீரர்களைப் பரிசோதிப்பதை நாம் குறை சொல்லவில்லை; அவர்களும் உடம்பால் உழைக்கிறவர்களே. போட்ட மூலதனத்தைக் காப்பாற்றுகிற முதலாளியின் புத்தியைத்தான் சொல்கிறோம். மாட்டுச் சந்தையில் விலையுயர்ந்த காளையின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2021 ஜூன் 12-ந் தேதி கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இருதயம் நின்று விழுந்தார். பக்கத்திலேயே நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இருதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருந்தது. அவர் பிழைத்தார். மகிழ்ச்சி. ஆனால் பஞ்சாலையில் மூட்டை தூக்குகிறவன், மண் வெட்டுகிறவன், செங்கல் சூளையில் வேகிறவன் விழுந்தால்? "வாய்வுப் பிடிப்பு" என்று ஒரு சோடாவை உடைத்துக் கொடுப்போம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவனும் வாழ்நாள் முழுவதும் இருதயத்தை ஓட வைத்தவன்தான். அவனுக்கு யார் இ.சி.ஜி. எடுத்தார்கள்?

கரும்புத் தோட்டம் சொல்லும் பாடம்

வந்த பிறகு வைத்தியம் பார்ப்பது ஒரு பக்கம். வராமல் தடுப்பது இன்னொரு பக்கம். வயலில் நிற்கும் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா என்று இரண்டு சிறு நாடுகள். பசிபிக் கடலோரக் கரும்புத் தோட்டங்களில் வாலிபர்கள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். சர்க்கரை நோயும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. 2002-ல் எல் சால்வடார் டாக்டர்கள் இதை உலகுக்கு அறிவித்தார்கள். பூச்சி மருந்து போன்ற வேறு சந்தேகங்களையும் ஆராய்கிறார்கள். ஆனால் கடும் வெயிலில், தாகத்தோடு, இடைவிடாமல் செய்யும் உழைப்பே பெரிய காரணம் என்று ஆய்வுகள் மேலும் மேலும் சுட்டுகின்றன. ஏன் இடைவிடாமல்? வெட்டிய எடைக்குத்தான் கூலி! தண்ணீர் குடிக்க நின்றால் எடை குறையும். எடை குறைந்தால் அடுப்பு எரியாது. பீஸ் ரேட் என்கிற சாட்டை முதுகில் விழுவதில்லை, சிறுநீரகத்தில் விழுகிறது.

பிறகு சில தோட்டங்களில் தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். சிறுநீரகக் கேடு குறைந்தது. கோடி ரூபாய் இயந்திரமா? இல்லை. ஒரு கூடாரம், ஒரு குடம் தண்ணீர், மணிக்கு ஒரு முறை உட்கார அனுமதி. எட்டு மணி நேர வேலைக்காக நம் முன்னோர்கள் சிந்திய ரத்தம் வெறும் சௌகரியத்துக்காக அல்ல, உயிருக்காகவே என்பதை விஞ்ஞானமே இன்று மெய்ப்பிக்கிறது.

நம் வாசலில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2016 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் உரையிலேயே ஒப்புக் கொண்டார்கள்: ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகம் முற்றும் கெட்ட நிலைக்கு வருகிறார்கள். நாட்டில் இருந்த சுமார் 4,950 டயாலிசிஸ் நிலையங்களில் பெரும்பாலானவை தனியாரிடம், பெரிய நகரங்களில். ஒரு முறைக்குச் சுமார் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேல். உரையைப் படித்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். கையோடு மருந்தையும் சொன்னார்கள்: மாவட்ட ஆஸ்பத்திரிகளில் தேசிய டயாலிசிஸ் திட்டம், ஆனால் தனியார் கூட்டோடு! சர்க்கார் கட்டடம், சர்க்கார் பணம், கம்பெனி லாபம். அமெரிக்காவில் எந்த ஏற்பாடு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானவர்களைக் காவு கொண்டதாக அவர்கள் டாக்டர்களே கணக்குப் போட்டார்களோ, அந்த வழிக்கே இங்கே சிவப்புக் கம்பளம்.

தமிழ்நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவச டயாலிசிஸ் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு வந்து சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கிறது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பைகளும் தருகிறது. நல்லதை நல்லது என்று சொல்வோம். ஜனங்கள் கேட்டுக் கேட்டுப் பெற்ற பலன் இது. ஆனால் பஸ் கட்டணம் யார் தருவது? போன கூலியை யார் தருவது? இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது 1948-ல். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் விவசாயக் கூலிக்கு அதில் இடமில்லையே, ஏன்?

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். இயந்திரத்திலிருந்து விடுதலை வேண்டுமானால் மாற்றுச் சிறுநீரகம் வேண்டும். பணக்கார நோயாளிக்கு அது எங்கிருந்து வருகிறது? 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் வட்டாரத்தில் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகத்தைத் தரகர்கள் வாங்கிய சேதி வெடித்தது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் மாற்று அறுவை உரிமத்தைச் சர்க்கார் நிறுத்தி வைத்தது. உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டது. உறுப்பு வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது! முப்பது ஆண்டு கழித்தும் தறிக்காரனின் விலா அறுபடுகிறது.

"அவனுக்கும் பணம் கிடைக்கிறதே, இஷ்டப்பட்டுத்தானே கொடுக்கிறான்" என்று வாதாடுகிற வக்கீல்கள் உண்டு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்த ஆய்வு 2002-ல் வந்தது. 96 சதம் பேர் விற்றது கடனை அடைக்க. விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேர் கடனிலேயே இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 சதம் பேர் உடம்பு கெட்டுவிட்டது என்றார்கள். கடனும் தீரவில்லை, காயமும் ஆறவில்லை. இதுதான் அந்த 'இஷ்டம்'!

கந்துவட்டிக்காரன், தரகன், ஆஸ்பத்திரி முதலாளி என்று மூன்று கைகள் ஒரே விலாவில். உழைப்பை உறிஞ்சியவர்கள், உழைப்பு தீர்ந்ததும் உறுப்பையே எடுத்துக் கொண்டார்கள்.

நாம் கேட்பது

ஏழை நாடு, முதலில் தடுப்பு முறை, பிறகுதான் இயந்திரம் என்று சிலர் சொல்வார்கள். சரி, ஒப்புக் கொள்கிறோம். தடுப்பு முறையை எங்கே செய்தீர்கள், காட்டுங்கள்! தடுப்பும் இல்லை, வைத்தியமும் பாதி என்றால் அது திட்டம் அல்ல, ஏமாற்று.

ஆகவே நாம் கேட்கிறோம். ஒவ்வொரு ஆலையிலும், ஒவ்வொரு கிராமத்திலும், ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர்ப் புரதம் பார்க்க வேண்டும். சந்தேகம் உள்ளவர்களுக்கு இ.சி.ஜி. எடுக்க வேண்டும். அதன் முடிவு தொழிலாளியின் கையில் வர வேண்டும். அதைக் காட்டி ஒருவனையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. தாலுகா ஆஸ்பத்திரி தோறும் டயாலிசிஸ் வேண்டும். குத்தகைக்காரனிடம் விடாமல் சர்க்காரே நடத்த வேண்டும். டயாலிசிஸ் நாளுக்குப் பஸ் கட்டணமும் இழந்த கூலியும் தர வேண்டும். வெயிலில் வேலை நடக்கும் இடமெல்லாம் தண்ணீர், நிழல், கூலியோடு கூடிய ஓய்வு வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. வேண்டும். உறுப்புத் தரகனுக்கும் அவனுக்குக் கதவு திறக்கும் ஆஸ்பத்திரிக்கும் சிறை வேண்டும்.

சங்கங்கள் அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். மாதம் ஒரு நாள் ஆலை வாசலில் பார்க்கலாம். வலி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தினம் விழுங்கினால் சிறுநீரகம் கெடும் என்று கூட்டந்தோறும் சொல்லலாம். கூலிக் கோரிக்கையோடு இந்தக் கோரிக்கைகளையும் சேர்த்து எழுதலாம்.

கட்டுபடியாகாது என்பார்கள். 1971-ல் ஷெப் கிளேசருக்கும் அதையேதான் சொன்னார்கள். நோயாளி ஒருவன் தன் ரத்தம் ஓடும் குழாயோடு சட்டசபையில் போய் உட்கார்ந்ததும் கட்டுபடியாயிற்று. அவன் தனி ஆளாகப் போகவில்லை, சங்கத்தோடு போனான்.

நம்முடைய நூற்பாலைத் தோழர் இன்றும் வாரம் மூன்று நாள் பஸ் ஏறுகிறார். முன்னாடியே கண்டுபிடித்திருக்க முடியாதா என்ற அவர் கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அவர் பக்கத்து ரிங் பிரேமில் நிற்கிற இளைஞன் நாளைக்கு அதே கேள்வியைக் கேட்கும்படி விடக் கூடாது. ஆலை வாசலுக்கு அந்தப் பத்து நிமிஷத்தைக் கொண்டு வாருங்கள், தோழர்களே! கேட்டால் தர மாட்டார்கள். சேர்ந்து கேட்டால் தராமல் இருக்க முடியாது.